மாடு மேய்ந்த சுவர்

கார்த்திகை 10, ஞாயிறு

காற்று. விடிந்ததிலிருந்து கணவாய்க் காற்று. பனை மட்டைகள் ஒன்றோடொன்று சண்டை போடும் சத்தம். மண்டி விடுமுறை.

புது நோட்டு. புதிது என்றால் எனக்குப் புதிது. ஓரம் கரையான் அரித்துப்போனது என்று மண்டியில் ஒதுக்கியது. நாலாம் பாரம் வரை படித்த கையெழுத்து, மண்டிக் கணக்குப்பிள்ளையாகக் கடலை மூட்டை எடையை மட்டும் எழுதித் தேய்கிறதே என்ற கவலையில் ஆரம்பிக்கிறேன். கு. என்றால் என் வீட்டுக்காரி குப்பாத்தாள். முழுப்பெயரை எழுதினால் கூப்பிட்ட மாதிரி வந்து நிற்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. என் மூஞ்சியை மட்டும் நன்றாகப் படிப்பாள்.

காலையில் கொட்டிலில் சாணி அள்ளப் போனேன். உள்சுவர் முழுக்கக் கரிக்கட்டியால் படம். பனைகள், வாய்க்கால், வாய்க்காலுக்குப் பின்னால் மலை. நாச்சி வரைந்தது. எங்கள் எருமை அதைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. இப்போதைக்கு நாச்சிக்கு இருக்கும் ஒரே ரசிகை.

நாச்சாயி என் மகள். ஒரே மகள். போன ஆடியில் மாப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டார். அதற்கு முன்பு இந்தத் தெருவில் கல்யாணம், சீர், எதுவானாலும் வாசல் கோலத்துக்கு முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது கூப்பிடுவதில்லை. எங்கள் வாசலிலும் அவள் போடக் கூடாதாம். வழக்கம். வழக்கம் ஓர் ஆளாக இருந்தால் மறித்து நாலு கேள்வி கேட்கலாம். ஆளாக இல்லை.

"ஏஞ் சாமி, இதெல்லாம் எருமைக்கா?" என்றேன்.

"வேற எங்கீங்கப்பா வரையறது?" என்றாள். கோபம் இல்லை. நேரம் கேட்பது போலக் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

சொல்லிவிட்டேன்: "அப்பன் உனக்கு ஒரு சுவரு புடிச்சுத் தாரேன் அம்முணி. பெரிய சுவரு. ஊரே பாக்கற சுவரு."

வாய் என்னுடையது. சுவர் யாருடையதோ.

கார்த்திகை 12, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. எடைக்கல் ஒன்று காணோம், சாயங்காலம் என் குடைக்கு அடியிலேயே கிடைத்தது.

ஊரில் உள்ள சுவர்கள் (மனசுக்குள் நடந்து பார்த்தது):

மாரியம்மன் கோயில் மதில். நல்ல நீளம்.
ஸ்டேஷன் சுவர். இன்னும் நீளம். கேட்க இங்கிலீஷ் வேண்டும்.
பள்ளிக்கூடம். பாதி மண். அடுத்த மழைக்கு இருக்காது.
கள்ளுக்கடை. சுவர் அருமையான சுவர். கு. விளக்குமாற்றை எடுப்பாள்.
தாலுக்காக் கச்சேரி. பயம்.
எங்கள் வீடு. அதைச் சுவர் என்று சொல்ல எனக்கே கூச்சம்.

மதியம் கோயில் தர்மகர்த்தாவைப் பார்த்தேன். "படமா? பேஷாப் போடலாமே! யாரு போடறதுங்க?" என்றார்.

"எம் மகளுங்க."

வெற்றிலையை மென்றார். தேவைக்கு மேல் மென்றார். "வேற ஆளு இருந்தாச் சொல்லுங்க, பாக்கலாம்."

கெட்ட மனுஷர் இல்லை. போன ஆடியில் எங்கள் வாசலில் என்னைவிட அதிகமாக அழுதவர். அழுவதற்கு வருவார்கள். சுவர் கேட்டால்தான் வெற்றிலை.

கு.விடம் சொல்லவில்லை. படித்துவிட்டாள். "எதுக்குங்க ஊரெல்லாம் போய் அவ பேரை இழுக்கறீங்க?" என்றாள். ராத்திரிச் சோற்றில் உப்பு இல்லை. மறந்ததா, பேசினதா தெரியவில்லை.

கார்த்திகை 15, வெள்ளி

ஸ்டேஷன்: முடியாது. மேலே எழுத வேண்டும், மேலே இருப்பவர் அதற்கும் மேலே எழுத வேண்டும். மாஸ்டர் நல்லவர். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

கச்சேரி: மனு எழுதிக்கொண்டு போனேன். 'பொதுஜனங்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக' என்று ஒரு வரி. எழுதும்போது பெருமையாக இருந்தது. குமாஸ்தா மலையாளி. படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பரஸ்யமாணோ? சோப்பா, பீடியா?"

விளம்பரமா என்கிறார். "இல்லீங்க, சும்மா படமுங்க. மரம், மலை."

"சும்மாவா? சும்மா ஆரெங்கிலும் செவுத்துல வரைக்குமோ?" பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். அவரும் படித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "பற்றில்ல" என்றார். நடக்காது என்று அர்த்தம். பீடிக்காக என்றால் நடந்திருக்கும் போல.

திரும்பி வரும்போது செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு வந்தேன். நாச்சி வாசலில் நின்றிருந்தாள். என் கையில் இருந்த மனுவைப் பார்த்தாள். செருப்பை வாங்கித் தைத்து வைத்தாள்.

கார்த்திகை 19, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியச் சோறு. வழக்கம் போல மண்டியின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்தேன். முதலாளி ராவுத்தர் வாசலில் வந்து நின்றார்.

"என்னா கணக்கு, ஊரெல்லாம் சுவரு கேட்டு அலையறியாம்?"

"ஆமாங்க முதலாளி."

"கச்சேரி வரைக்கும் போனியாம்."

"ஆமாங்க."

"நீ சாஞ்சு உக்காந்திருக்கியே, அதுக்கு என்னா பேரு?"

திரும்பிப் பார்த்தேன். சுவர். மண்டியின் நீளம் முழுக்க, சந்தைப்பேட்டையைப் பார்த்தபடி, ஜன்னல் ஒன்றுகூட இல்லாமல், நல்ல கல்லுச் சுவர். இத்தனை வருஷமாக என் முதுகு தெரிந்துவைத்திருந்தது. என் தலைக்குத் தெரியவில்லை.

"கேக்கத் தைரியம் வரலீங்க. படம் உங்க மார்க்கத்துல ஆகாதுன்னுட்டு..."

"உசிர் உள்ளது வேண்டாம். ஆளு, மாடு, பட்சி, ஒண்ணும் வேண்டாம். மரம், புல்லு, மலை, தண்ணி போடட்டும். அதுல என்ன கேடு?" சந்தைப்பேட்டையைப் பார்த்தார். "உம் பொண்ணு பாவம் உள்ளேயே கெடக்கு. போடச் சொல்லு. மார்கழி கடைசியில மாட்டுச் சந்தை. அதுக்கு முன்னாடி முடிச்சிரணும்."

மோரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். புரையேறியதாக நடித்தேன்.

வீட்டில் சொன்னதும் நாச்சி: "ஆளே வேண்டாங்கறாரா? நல்லதாப் போச்சுங்கப்பா. ஆளு வரைஞ்சா அது யாரு, இது யாருன்னு கேப்பாங்க. மலையை யாரும் கேக்க மாட்டாங்க."

கு. மட்டும், "நடுச் சந்தையிலயா?" என்றாள். அப்புறம் அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை.

கார்த்திகை 24, ஞாயிறு

காற்று குறைவு. நிறம் தேடும் நாள்.

கிடைத்தது: வாய்க்கால் கரையில் செம்மண், சலித்து ஒரு சட்டி. கிணறு வெட்டும் இடத்தில் மஞ்சள் மண், கேட்டதும் கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்டுச் சிரித்தார்கள். வண்ணாரிடம் துணிக்குப் போடும் நீலம். வேப்பம்பிசின், நானே மரம் ஏறி. (இறங்கியதை எழுதவில்லை.) விளக்குக் கரி. பனைமட்டை நாரைக் கல்லில் தட்டி நாச்சி செய்த மட்டைகள் ஏழெட்டு. தூரிகை என்று எழுத ஆசை. மட்டைதான்.

நீலமும் மஞ்சள் மண்ணும் சேர்த்தால் பச்சை. நாச்சி காட்டினாள்.

நான் செய்த காரியம்: மஞ்சள் மண் மங்கலாக இருக்கிறதே, பளிச்சென்று இருக்கட்டும் என்று கடையில் நல்ல விரலி மஞ்சள் வாங்கி, இடித்து, சலித்து, பெருமையாகக் கொண்டுவந்து அவளுடைய சுண்ணாம்புச் சட்டியில் கொட்டினேன். சிவப்பு. ரத்தச் சிவப்பு. என் கண்முன்னால். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தித் தட்டின் முன்னால் நின்றவன் நான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்குத் தெரியும்.

நாச்சி சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சுவத்துக்கு ஆரத்தி எடுக்கறீங்களாப்பா?"

சிரித்தாள். சத்தமாக. ஆடிக்குப் பிறகு நான் கேட்காத சத்தம். உள்ளேயிருந்து கு. கரண்டியோடு ஓடி வந்தாள், ஏதோ ஆகிவிட்டது என்று. வந்தவள் சட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், என்னைத் திட்டாமல் திரும்பிப் போனாள்.

விரலி மஞ்சள் போனது போகட்டும். இன்னும் ஒரு படி வேண்டுமானாலும் கொட்டுவேன்.

மார்கழி 1, சனி

பனி. மூக்கு ஒழுகுகிறது. தெரு முழுக்கக் கோலம், சாணிப் பிள்ளையார், பூசணிப்பூ.

எங்கள் வாசலில் கு. போட்டாள். கு.வின் கையில் கோலம் எப்போதும் ஒருபக்கம் சாயும். நாச்சி நிலைப்படிக்கு உள்ளே நின்று, "அம்மா, வலத்தால இன்னொரு புள்ளி. இல்ல, கீழே. இப்ப வளைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கு. வளைத்தாள். கை கு.வுடையது, கண் நாச்சியுடையது. கோலம் சாயவில்லை.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "குப்பக்கா, இந்த வருஷம் கை நல்லா வந்திருச்சே!" என்றாள். கு. தலையை நிமிர்த்தவே இல்லை.

மார்கழி 5, புதன்

சுண்ணாம்பு ஊறுகிறது. கொத்தன் மாரப்பன் வந்தான். படம் நிற்க வேண்டுமானால் பூச்சு நன்றாக இருக்க வேண்டுமாம். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர், இரண்டும் சேர்த்துக் குழைத்து மேல்பூச்சு. சுவர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். அளவு சொல்லிவிட்டுச் சாயங்காலம் வருவதாகப் போனான்.

அளவு சொன்னான். கேட்டேன். ஆனால் தொட்டியில் கருப்பட்டியைப் போடும்போது ஒரு நினைப்பு: கொஞ்சம் போட்டாலே கண்ணாடி என்றால், நிறையப் போட்டால்? மகளுக்குக் கல்யாணச் சீர் செய்தபோது கை இழுத்துப் பிடித்தவன் நான். மாப்பிள்ளை வீட்டில் குறை சொன்னார்கள். இதிலாவது பிடிக்க வேண்டாம். போட்டேன். இன்னும் போட்டேன். வீட்டில் இருந்ததையும் எடுத்துவந்து போட்டேன்.

மாரப்பன் திரும்பி வந்து தொட்டியில் கைவிட்டுப் பார்த்தான். விரல் ஒட்டியது.

"ஏனுங்க, சுவத்துக்கா, பாயசத்துக்கா?"

"ஏன், நிக்காதா?"

"நிக்கும் நிக்கும். காயத்தான் நாளாகும். எறும்பு வந்தா என்னைச் சொல்லாதீங்க."

மார்கழி 13, வியாழன்

காற்று மறுபடியும் பேயாக. பூச்சு மேலே மட்டும் காய்ந்து, உள்ளே காயவில்லை. கோணிச்சாக்கை நனைத்து மேலே தொங்கவிட்டிருக்கிறோம். நாச்சி சாக்கைக் கொஞ்சம் விலக்கி, அந்த அளவுக்கு வரைந்து, மறுபடி மூடி, அடுத்த பக்கம் விலக்குகிறாள். முழுப் படத்தையும் யாரும் பார்க்கவில்லை. அவளும்தான். அவளுக்குப் பார்க்க வேண்டியதில்லை போலும்.

இரண்டு பீப்பாய், மேலே பலகை, பலகையில் அவள். நான் மண்டிக்குள் எடை போட்டுக்கொண்டே காதை வெளியே வைத்திருந்தேன். கேட்டது:

"அது யாரு பலகை மேல?"

"கணக்கரு மக. வெள்ளைச் சீலைக்காரி."

"நல்லா இருக்கே கூத்து. புருசன் போன ஆடியிலதான் போனான்."

"போனவன் பலகையை எடுத்துக்கிட்டா போனான்? அவ பாட்டுக்கு வரையட்டும் போ."

கடைசியாகச் சொன்னது யார் என்று எட்டிப் பார்த்தேன். கீரை விற்கிற பாட்டி போலிருந்தது, முதுகு மட்டும் தெரிந்தது. அவளுக்குக் கடலை ஒரு படி சும்மா கொடுக்க வேண்டும். முதலாளி கணக்கில் இல்லை, என் கணக்கில்.

மதியம் கு. சோறு கொண்டுவந்தாள். இத்தனை நாள் மண்டி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று காற்று சாக்கைத் தூக்கி நாச்சியின் முகத்தில் அடித்தது. கு. போசியைக் கீழே வைத்தாள். சாக்கின் நுனியைப் பிடித்தாள். பிடித்தபடி பொழுது சாயும் வரை நின்றாள். போசியில் சோறு என் பங்கும் ஆறிப்போனது.

மார்கழி 16, ஞாயிறு

நாச்சியின் சேலையில் செம்மண், நீலம், பச்சை. முந்தானையில் ஒரு கை அகலம் பச்சை. கு. ஆற்றில் துவைத்துக் கொண்டுவந்தாள்.

"போகலீங்க" என்றாள் என்னிடம்.

நானும் ஆற்றுக்குப் போயிருந்தேன், எருமையோடு. பார்த்தேன். அவள் அந்த இடத்தைக் கல்லில் அடிக்கவே இல்லை.

"போகாதுதான்" என்றேன்.

மார்கழி 21, வெள்ளி

முடிந்தது என்றாள் நாச்சி. கடைசியாக அடிப்பக்கம் முழுக்கப் புல். சுவர் நீளத்துக்கும் புல். காற்றில் ஒருபக்கம் சாய்ந்த புல்.

மாட்டுச் சந்தை வரை சாக்கை எடுக்க வேண்டாம் என்று மாரப்பன் உத்தரவு. உள்ளே இன்னும் ஈரப் பூச்சுதான். "உங்க பாயசம் காயட்டும்" என்கிறான். இந்தப் பெயர் மண்டி முழுக்கப் பரவிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் என்னைக் கண்டால், "பாயசம் ஆச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். எறும்பு வரவில்லை. மாரப்பனுக்கு ஏமாற்றம்.

மார்கழி 29, சனி

விளக்கைத் தூண்டிவிட்டு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தைய மாட்டுச் சந்தை. விடியும் முன்பே பெருமாட்டிப் பக்கம், பொள்ளாச்சிப் பக்கம், எங்கிருந்தெல்லாமோ மாடு. நாச்சியும் நானும் சாக்கை இழுத்தோம்.

எனக்கு அதை எழுதத் தெரியவில்லை. பனைகள் எல்லாம் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் கணவாய், இரண்டு பக்கமும் நீல மலை, கணவாய் வழியாக வெளிச்சம் வருகிறது. ஆள் இல்லை, மாடு இல்லை, பறவை இல்லை. ஆனால் இப்போதுதான் எல்லோரும் எழுந்து போன மாதிரி இருக்கிறது. கு. சொன்னாள்: "நம்ம காடுங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

ஆட்கள் நின்றார்கள். சந்தைக்கு வந்தவன் நின்று பார்க்கிறான் என்றால் ஒன்று சண்டை, இல்லை பாம்பு. இன்று சுவர்.

அப்புறம் ஒரு காங்கேயம் எருது. கட்டியிருந்த முளையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு நேராகச் சுவருக்கு வந்தது. புல்லில் வாயை வைத்தது. நாக்கை நீட்டி ஒரு இழுப்பு. பச்சை போய் வெள்ளை.

கூட்டம் ஹோ என்றது. "அட, மாடு நெசப் புல்லுன்னு நெனச்சிருச்சுடோய்!"

இன்னொரு மாடு வந்தது. இன்னும் இரண்டு. வரிசையாக நின்று மேய்கின்றன. சொந்தக்காரர்கள் இழுக்கிறார்கள், வரமாட்டேன் என்கின்றன. "என்னா கையிடா அது! மாட்டையே ஏமாத்திப்போட்டாளே!" கேட்கிற இடமெல்லாம் இதே பேச்சு. தர்மகர்த்தாவும் வந்து பார்த்தார். வெற்றிலை மெல்லவில்லை.

ராவுத்தர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உசிர் உள்ளது வேண்டாம்னேன். உசிர் உள்ளதே வந்து வரிசையா நின்னுருச்சு. இதுக்கு நான் என்ன பண்ண?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். புல்லாவது, கையாவது. கருப்பட்டி. நான் கொட்டின கருப்பட்டி. மகள் பாடுபட்டு வரைந்ததைச் சந்தை மாட்டுக்குத் தின்னக் கொடுத்த அப்பன் உலகத்தில் நான் ஒருவன்தான். மாரப்பனைத் தேடினேன். தூரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான். வாயைத் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சினேன்.

நாச்சி மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

தை 2, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். வெயில். எருமைக்குக் கொம்பில் செம்மண் பூசியது நாச்சி. மாட்டுக்குப் பூசலாம், அதற்கு வழக்கம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

சுவருக்குப் பெயர் வந்துவிட்டது. 'மாடு மேஞ்ச சுவர்'. கொல்லங்கோட்டுப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்களாம். நாச்சியைத் தெருவில் பார்த்தால் பெண்கள் ஒதுங்காமல் நிற்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி பொங்கல் கொண்டுவந்து நாச்சியின் கையிலேயே கொடுத்தாள்.

சொல்ல வேண்டும். சொன்னால் இதெல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் என் மகள் ஒரு பொய்யின் மேல் நிற்கிறாள், அந்தப் பொய்யைக் கரைத்து ஊற்றினவன் நான். கு. படிக்கப் பார்த்தாள். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

நாச்சியிடம், "அடிப்புல்லைத் திரும்ப வரையலாமா கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்குங்கப்பா? மேஞ்ச காடு மேஞ்ச மாதிரிதான இருக்கும்."

தை 4, வியாழன்

காலையில் வாசலில் ஓர் அம்மா. உயரம், கறுப்பு, கம்பளி போர்த்தியிருந்தாள், இந்த வெயிலில். பெயர் பேச்சியம்மாள். மூணாறுக்கு அப்பால் சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டம். புருஷன் கங்காணி. தோட்டத்துக்குக் கறவை மாடு வாங்கச் சந்தைக்கு வந்தவர்கள், பொங்கல் கழித்துக் கிளம்புகிறார்கள். பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"சுவத்துல வரைஞ்ச புள்ள இங்கதான இருக்காவ?"

நாச்சி வந்தாள். பேச்சியம்மாள் அவளுடைய முந்தானைப் பச்சையைப் பார்த்தாள், வெள்ளைச் சேலையைப் பார்த்தாள்.

"நான் அங்க புள்ளைகள பாத்துக்கிடுதேன் தாயி. ஆத்தாமாரு கொழுந்து எடுக்கப் போயிருவாக. புள்ளைய பூராவும் ஒரு கொட்டாய்ல எங்கூட. காலையில இருந்து ஒரே அழுக. மேகம் எறங்கிருச்சுன்னா வெளியயும் ஒண்ணும் தெரியாது, உள்ள வெறுஞ் சுவரு. அழுவுத புள்ளைக்குப் பாக்கதுக்கு ஒண்ணு வேணும்லா? எங்க புள்ளைய பனமரமே பாத்ததில்ல. நீ வந்து வரைஞ்சு குடுக்கணும். தொரையிட்ட கேட்டாச்சு. எங்க வீட்லயே தங்கிக்கிடலாம். மாட்டயே ஏமாத்துன கையி, எம் புள்ளைகள அழாம வைக்கும்."

கு. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்ல வேண்டும். சொல்லு. வாயைத் திற.

நாச்சி சொன்னாள்: "அது எங் கை இல்லீங்கம்மா. கருப்பட்டிங்க. எங்கப்பா பூச்சுல நெறையாப் போட்டுட்டாரு. மாடு அதைத்தான் நக்குச்சு."

நான் அவளைப் பார்த்தேன்.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"பூசின அன்னிக்கேங்கப்பா. ஒரு விரல் தொட்டு வாயில வச்சுப் பாத்தேன். அதிரசப் பாகு மாதிரி இருந்துச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பூராவும் சொரண்டிப்போட்டு மறுக்கா பூசுவீங்க. பிசினுக்கு மரம் ஏறினதுக்கே நாலு நாள் இடுப்பைப் புடிச்சுட்டுத் திரிஞ்சீங்க."

கு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா, வேறா, தெரியவில்லை.

பேச்சியம்மாள் அப்படியே நின்றாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கம்பளி நழுவும் வரை சிரித்தாள்.

"ஏ அய்யா, நல்ல ஆளுய்யா நீரு! மாட்டுக்கு வேணா புல்லு தெரியாம இருக்கும். நான் எதுக்கு அங்கன ஒரு மணி நேரம் நின்னேன்? நானும் கருப்பட்டிக்கா நின்னேன்?" நாச்சியின் கையைப் பிடித்தாள். "வா தாயி. ஆனா கருப்பட்டி வேண்டாம். எங்க புள்ளைய மண்ணு, சுண்ணாம்பு, கதவுப் பூட்டு வரைக்கும் நக்கும். கொஞ்சம் மேல தூக்கி வரைஞ்சிரு."

ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னேன். அவள் போனதும் மூன்று பேரும் அப்படியே நின்றோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் போகவில்லை.

தை 7, ஞாயிறு

மூன்று நாளாகக் கு. பேசவில்லை. காலையில் பேசினாள்.

"அங்க குளிருமாங்க?"

"குளிரும்."

"என் கம்பளியை வெயில்ல போட்டிருக்கேன்."

அதுதான் பதில். பேச்சியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். சுவர் பிடித்துத் தருகிறேன் என்று சொன்னவன் நான்தான். அது மலை மேல் இருக்கும், நான் கூடப் போக முடியாது, சித்திரை வரை வரமாட்டாள் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. நாலாம் பாரத்தோடு நிறுத்தினால் இப்படித்தான்.

தை 10, புதன்

பனி, பிறகு வெயில். கங்காணியின் வண்டி விடிந்ததும் வருவதாக ஏற்பாடு.

கு. இருட்டோடு எழுந்து வாசல் தெளித்தாள். தெளித்துவிட்டு நின்றாள். கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து நாச்சியிடம் நீட்டினாள்.

"அம்மா, ஊரு..."

"எனக்குக் கை சாயுது. நீ போடு."

நாச்சி நிலைப்படி தாண்டி உட்கார்ந்தாள். முதல் புள்ளி வைக்க நேரமானது. அப்புறம் நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள், பார்த்தாள், உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு பூசணிப்பூவை நடுவில் வைத்துவிட்டுப் போனாள். மார்கழி முடிந்து பத்து நாள் ஆகிறது, எங்கே பறித்தாளோ.

வண்டி வந்தது. மட்டைகள், நீலம், மண் சட்டிகள், கம்பளி. கோலத்தை மிதிக்காமல் சாமானை ஏற்ற நான் ஒருவன்தான் தாண்டித் தாண்டிக் கஷ்டப்பட்டேன். நாச்சி வண்டியில் உட்கார்ந்து சொன்னாள்: "அப்பா, மரம் ஏறாதீங்க."

சரி என்றேன். கு. தெருமுனை வரை வண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மண்டி. நாற்பது மூட்டையோ நாற்பத்தொன்றோ, இரண்டு தரம் எண்ணியும் தெரியவில்லை. மதியம் சுவரடியில் உட்கார்ந்தேன். சாய மனசு வரவில்லை, படம் அழுந்துமோ என்று. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு எழுந்து, இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. மாடு நக்கின இடத்துக்குக் கொஞ்சம் மேலே, புல் நுனி மிச்சமிருந்த இடத்தில், நாக்கை வைத்தேன்.

இனிப்பு இன்னும் இருக்கிறது.

வாசலில் ராவுத்தர் நிற்கிறார்.

"என்னா கணக்கு, ஊட்டுல சோறு பத்தலையா?"